உப்பேறிய பெயர்

மோந்தே ருயிவோ
19 ஆகஸ்ட் 1936
(தபாலில்)

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் தியோலிந்தா கும்பிட்டு எழுதுவது.

அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும், உங்கள் வயிறும் அடங்கியிருக்கும் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் சரியில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

இந்த வருஷம் ஓடை ஜூலையிலேயே வற்றிவிட்டது. மாவு ஆலையின் கல் நின்று ஐந்து வாரம் ஆகிறது. என் வீட்டுக்காரர் எவரிஸ்தோ உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட இவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை. கால் நனையாமல் பாறைமேல் நடந்தே ஸ்பெயினுக்குப் போய்விடலாம். இப்போது யாரும் போவதில்லை. அக்கரையில் என்சினாரெஸ் ஊர் இருக்கும் திக்கில் சில நாளாகப் புகை. கோயில் மணி அடிப்பதும் நின்றுவிட்டது. ஆளில்லாத வீட்டு நாய்கள் மட்டும் ஓடையைத் தாண்டி வந்து என் வாசலில் படுத்துக்கொள்கின்றன.

ஒன்று கேட்க வேண்டும், சும்மாதான். நீங்கள் எவோராவில் பழைய ஏடுகளோடு காலம் தள்ளுபவர். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நம் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? சல்காதோ என்பது போர்ச்சுகல் பெயரா, ஸ்பெயின் பெயரா? அக்கரையிலும் அந்தப் பெயர் உண்டு என்கிறார்கள். அவர்களும் இதே எழுத்தில்தான் எழுதுகிறார்களா? பெயர் ஒன்றாக இருந்தால் சொந்தம் என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

பதில் சீக்கிரம் போடுங்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும் தங்கை,
தியோலிந்தா


எவோரா
27 ஆகஸ்ட் 1936
(தபாலில்)

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்தது. இதுவும் உன்னை நல்லபடியாக வந்து சேரட்டும். எர்மீனியாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. என் வயிற்றுக்கு வைத்தியர் பால் மட்டும் குடிக்கச் சொல்கிறார். குடிக்கிறேன்.

இத்தனை வருஷக் கடிதங்களில் கோழி, மழை, கோதுமை தவிர நீ வேறெதையும் கேட்டதில்லை. நம் பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய் என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆவணக் காப்பகத்தில் என் எதிரே உட்காரும் செராஃபிமிடம்கூடச் சொன்னேன்.

சல்காதோ என்றால் உப்பேறியது, உப்புப் போட்டது. முதன்முதலில் யாருக்கு, எதற்காக வைத்தார்கள் என்பதில் பல பேச்சு. உவர் நிலத்தில் குடியிருந்தவன் என்பார்கள் சிலர். உப்பு விற்றவன் என்பார்கள் வேறு சிலர். இன்னும் சிலர், நாக்கில் சுருக்கென்று உறைப்பவன், பேச்சில் யாரையும் விடாதவன் என்கிறார்கள். அப்பாவை நினைத்தால் கடைசியில் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கரையிலும் சல்காதோக்கள் உண்டு, எழுத்து மாறாது. பெயர் ஒன்றானால் சொந்தம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆமாம், எதற்குக் கேட்டாய்? அங்கே யாராவது சல்காதோ என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்களா? விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன். ஸ்பெயின் சண்டையைப் பற்றி வானொலியில் சொல்வதையெல்லாம் கேட்டால் உன் வீடு ஓடைக்கு இத்தனை பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கதவை நன்றாகப் பூட்டிக்கொள்.

அன்புடன்,
அபீலியோ


மோந்தே ருயிவோ
6 செப்டம்பர் 1936
(பல்தசார் கையில்)

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க இந்தத் தடவை மனம் ஓடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தபாலில் போட முடியாது. தக்கைப்பட்டை வண்டி ஓட்டும் பல்தசார் எவோரா வருகிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது, வீண்பேச்சும் பிடிக்காது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் விளையாட்டாகக் கேட்டது நிஜம்.

ஆகஸ்ட் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தேன். ஆலைக் கதவு சாத்தியபடிதான் இருந்தது. உள்ளே மாவுத் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தோளில் சட்டை ரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை, கும்பிடவும் இல்லை. "தண்ணி குடுத்துட்டு அப்புறம் கத்துங்க" என்றான்.

தண்ணீர் கொடுத்தேன். அதற்கப்புறம் கத்த முடியவில்லை.

என்சினாரெஸில் கொத்தனாராம். ஊரைப் பிடித்த படையினர், கூலிக்காரர் சங்கத்தின் ஏட்டில் கையெழுத்துப் போட்டவர்களையெல்லாம் கல்லறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களாம். அவன் அண்ணன் அதில் போய்விட்டான். இவன் தோளைக் குண்டு கிழித்துக்கொண்டு போக, விழுந்து, ஓடைப் படுகையில் தவழ்ந்தே வந்திருக்கிறான். பெயர் கேட்டேன். சிப்ரியானோ என்றான். முழுப்பெயரைக் கேட்டேன். சிப்ரியானோ சல்காதோ என்றான். நான் அங்கேயே ஆலைக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரமாக உள்ளேதான் இருக்கிறான். புண் ஆறுகிறது. எல்லைச் சாவடித் தலைவர் தவேய்ரா இரண்டு நாளைக்கு ஒருமுறை குதிரையில் இந்த வழியாகப் போகிறார். குளம்புச் சத்தம் கேட்டால் என் கையில் இருப்பது கீழே விழுகிறது. பிடிபடும் ஸ்பானியர்களை லாரியில் ஏற்றிப் பாலத்துக்குக் கொண்டுபோய் அக்கரைக்காரர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் கதி என்ன ஆகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒளித்து வைத்தவர்களுக்குச் சிறை. கடைக்கார ஸுல்மீரா நேற்றுக் கேட்டாள்: "ஒத்தை ஆளு நீ, இம்புட்டு ரொட்டி யாருக்குடி சுடுற?" நாய்களுக்கு என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

நான் என்ன செய்ய?

தங்கை


எவோரா
12 செப்டம்பர் 1936
(தபாலில்)

தங்கைக்கு,

ஆண்டவர் உனக்குச் சுகம் தரட்டும். நீ கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டி வந்தது. அன்றே சாப்பிட்டுத் தீர்த்தோம், துளி மிச்சம் வைக்கவில்லை.

உன் பட்டியில் வேற்று ஆடு ஒன்று நோயோடு வந்து சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. அதை உடனே ஓட்டிவிடு. எங்கே போகும் என்று யோசிக்காதே. அதன் காதில் நம் அடையாளம் போல ஏதோ இருக்கலாம். இருந்தாலும் அது நம் ஆடு அல்ல. இந்த நோய் உன் வீட்டோடு நிற்காது. நான் அரசாங்கச் சோறு தின்பவன். எர்மீனியாவுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

குடும்பப் பெயரைப் பற்றி இனி எழுத வேண்டாம். அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

அபீலியோ


மோந்தே ருயிவோ
27 செப்டம்பர் 1936
(பல்தசார் கையில்)

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் கும்பிடு.

பாலோடு கொஞ்சம் ரொட்டியும் நனைத்துச் சாப்பிடுங்கள், வெறும் பால் உடம்பைக் கரைத்துவிடும். என்னைக் கேட்டால், இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆலைக்குள் போய், போய்விடுங்கள் என்று சொன்னேன். சரி என்று எழுந்தார். எவரிஸ்தோவின் பழைய செருப்பைக் கொடுத்திருந்தேன், அதைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, "எந்தப் பக்கமாப் போனா உங்க கண்ணுல படாம இருக்கும்?" என்று கேட்டார். பிடித்துக்கொண்டு போவதை நான் பார்க்க வேண்டாமாம். அண்ணா, நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் உள்ளேயும் நான் வெளியேயும் இல்லை, இரண்டு பேரும் உள்ளே.

புதன்கிழமை பாலத்துப் பக்கம் போக வேண்டியிருந்தது. லாரி நின்றது. இருபது பேர் இருக்கும். என் வயதில் ஒருத்தி தலையில் சீப்பு குத்தியபடி, கடைத்தெருவுக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். பாலத்தின் நடுவில் அவர்களை எண்ணி ஒப்படைத்தார்கள்.

இப்போது எனக்கு மழையை நினைத்தால் பயம். அக்டோபரில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் ஆலையைத் திறந்தாக வேண்டும். ஊர் முழுக்க மூட்டையோடு வரும். அவரை எங்கே வைப்பேன்? மாவு இல்லாமல் ஊர் நிற்கும்போது ஆலை மூடியிருந்தால் தவேய்ராவே வந்து கதவைத் தட்டுவார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நமக்கு அர்மிந்தோ என்று ஒரு தம்பி பிறந்தான் அல்லவா? எனக்கு அப்போது இரண்டு வயது, முகம் நினைவில்லை. நீங்களும் அம்மாவும் மட்டுமே அவனைப் பற்றிப் பேசுவீர்கள். அப்போது நாம் இருந்த ஊரின் பழைய ஏடுகள் உங்கள் காப்பகத்துக்கு வந்துவிட்டன என்று ஒருமுறை சொன்னீர்கள். இந்த ஊரில் அவனைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.

வேறு எதுவும் நான் எழுதவில்லை.

தங்கை


மோந்தே ருயிவோ
10 அக்டோபர் 1936
(தபாலில்)

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்களிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் போலும். இங்கே முந்தாநாள் மழை. ஓடை நிறைந்துவிட்டது, திங்கட்கிழமை ஆலை திறக்கிறேன்.

சந்தோஷ சமாச்சாரம். நம் தம்பி அர்மிந்தோ அக்கரையில் ஆடு மேய்க்கும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டான். அந்த நாடு இருக்கும் நிலையில் வேறென்ன செய்வான். எனக்கும் ஆலையில் துணையாயிற்று. காகிதங்களையெல்லாம் வழியில் தொலைத்துவிட்டான். அவனுடைய ஞானஸ்நான நகல் ஒன்றை முத்திரையோடு அனுப்பி வையுங்கள். சாவடியில் காட்ட வேண்டியிருக்கும். தலைவரிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமிருந்து வரும் என்று.

உங்கள் தங்கை,
தியோலிந்தா


எவோரா
16 அக்டோபர் 1936
(தபாலில்)

அன்புத் தங்கைக்கும், நெடுநாள் கழித்து வீடு திரும்பிய தம்பி அர்மிந்தோவுக்கும் மூத்தவனின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலனை ஆண்டவர் காக்கட்டும்.

தம்பி காகிதங்களைத் தொலைத்தது அவன் சுபாவத்துக்குப் புதிதல்ல. சின்ன வயதிலேயே அக்கரை மந்தைகளோடு போனவன். அவன் பேச்சில் அந்தப் பக்கத்து வாடை ஏறியிருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதற்கில்லை. 1905 நவம்பர் 12 அன்று அவன் ஞானஸ்நானம் பெற்றதற்கான நகலைக் காப்பகத்தின் முத்திரையோடு இத்துடன் வைத்திருக்கிறேன்.

நம் பெயரை அக்கரைப் பெயர் என்று யாராவது நினைக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். உப்பேறியதை நாம் சல்காதோ என்கிறோம். ஸ்பெயினின் காஸ்திலியர் அதையே சலாதோ என்பார்கள். நடுவில் நிற்கும் அந்தக் 'க்' அவர்கள் சொல்லில் கிடையாது. ஒரு காஸ்திலியன் முன் உப்புக்கரிக்கும் சாற்றை வைத்தால் அவன் வாயிலிருந்து சலாதோ என்றுதான் வரும். ஆகவே சல்காதோ என்று எழுதப்பட்ட பெயர் நம் மொழியில் பிறந்தது. அக்கரையில் அந்தப் பெயரோடு யாராவது இருந்தால், அவர்கள் ஒரு காலத்தில் இங்கிருந்து போனவர்கள். நான் பதினெட்டு வருஷமாகப் பழைய ஏடுகளைப் படியெடுப்பவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

தம்பியைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

மூத்த சகோதரன்,
அபீலியோ சல்காதோ


மோந்தே ருயிவோ
1 நவம்பர் 1936
(பல்தசார் கையில்)

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும் போல இருக்கிறது. தபாலில் அப்படி எழுதி உங்களை மாட்டிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பதில் வராமல் இருந்த நாட்களைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வரும்போது உறையின் ஓரம் வேறு பசையால் ஒட்டியிருந்தது. யார் படித்தார் என்று எனக்குத் தெரியும். நகல் பத்திரமாக இருந்தது. கடிதத்தையும் அதையும் அவருக்கு, அதாவது அர்மிந்தோவுக்கு, வாசித்துக் காட்டினேன். கொத்தனார் வேலையில் இருந்த கை மூன்றே நாளில் மாவுக்குப் பழகிவிட்டது.

அக்டோபர் இருபத்து நான்கு, சனிக்கிழமை மத்தியானம், தவேய்ரா ஒரு காவலரோடு வந்தார். ஆலையில் மூட்டையோடு நான்கு பேர் நின்றார்கள், ஸுல்மீராவும் இருந்தாள்.

"இவருதான் உன் தம்பியா?" என்றார். ஆமாம் என்றேன்.

"இத்தனை வருஷத்துல தம்பி இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"கோவிச்சுக்கிட்டுப் போனவனைப் பத்தி என்னத்தைச் சொல்றதுங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என்சினாரெஸிலிருந்து பட்டியல் கொடுத்திருக்கிறார்களாம், அதில் ஒரு சல்காதோ இருக்கிறானாம், கொத்தனாராம். சொல்லிவிட்டு அர்மிந்தோவின் கைகளையே பார்த்தார். முழங்கை வரைக்கும் மாவு அப்பியிருந்தது. ஆலைக்கல் சுற்றும் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

பிறகு தவேய்ரா சாவகாசமாக மூட்டைமேல் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார். பூண்டும் கொத்தமல்லியும் போட்ட ரொட்டிச் சாறு என்றேன். கொண்டுவரச் சொன்னார். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். பயத்தில் நான் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தேன். கிண்ணத்தை அர்மிந்தோ பக்கம் தள்ளினார்.

"நீ குடிச்சுப் பாரு. எப்படி இருக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் கடிதத்தில் படித்ததை வைத்துத்தான் சோதிக்கிறார். நாங்கள் அதைப் பழகிப் பார்க்கவே இல்லை. அண்ணா, பிறந்ததிலிருந்து வாயில் ஊறிய வார்த்தை, சூடான சாறு நாக்கில் படும்போது தன்னால் வராதா?

அவர் நிதானமாகக் குடித்தார். வாயைப் புறங்கையால் துடைத்தார். "சல்காதோ" என்றார். உடனே ஸுல்மீரா பக்கம் திரும்பி, "எங்க அக்கா வீட்டுப் பேரையே கரைச்சு ஊத்தியிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தவேய்ராவும் சிரித்தார். ஆனால் போகும்போது நகலை வாங்கிக்கொண்டார். பிறந்தது சரி, இறந்தவர்கள் ஏட்டில் இந்தப் பெயர் இல்லை என்றும் ஒரு காகிதம் வேண்டும், எவோராவுக்கு எழுதிக் கேட்கிறேன், வழக்கமான வேலைதான் என்றார்.

குதிரை மறைந்ததும் ஆலைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி உங்கள் மேசைக்குத்தானே வரும்? வேறு யார் கைக்காவது போய்விட்டால்?

தங்கை


எவோரா
22 நவம்பர் 1936
(பல்தசார் கையில்)

அன்புத் தங்கைக்கு,

உனக்கு நல்ல சுகம் உண்டாகட்டும். நான் மெலிந்துவிட்டேன் என்று எர்மீனியா சொல்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வாசலில் யார் வந்தாலும் எனக்கு முன்னால் அவள்தான் எழுந்து போகிறாள், அந்த முழங்காலோடு.

என் கடிதமே உனக்குப் பொறியாகும் என்று நினைக்கவில்லை. புத்திசாலித்தனமாக எழுதுகிறோம் என்ற நினைப்பில் எழுதியது. அதில் நான் எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், அவர்களும் சல்காதோ என்றுதான் சொல்வார்கள். அங்கே இந்தப் பெயர் மலிந்து கிடக்கிறது. தவேய்ரா ஒரே ஒரு கலீசியனைக் கேட்டிருந்தால் என் விளக்கம் அந்த இடத்திலேயே சரிந்திருக்கும்.

விசாரணை பத்தாம் தேதி வந்தது. முதலில் செராஃபிம் கையில்தான் கிடைத்தது. பிரித்துப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "உங்க பேருள்ள ஆளாச்சே, சொந்தமா?" என்றான். தம்பி என்றேன். தம்பி இருப்பதாக நான் சொன்னதே இல்லையே என்றான். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே பாருங்க, சீக்கிரம் முடியும்" என்றான். அது நல்ல மனதா, வலையா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தினமும் அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

இறந்தவர்கள் ஏட்டை எடுத்தேன். 1906 மார்ச். அர்மிந்தோ, நான்கு மாதம், காய்ச்சல். இரண்டு வரிதான். எனக்கு அப்போது எட்டு வயது. பெட்டியின் தலைப்பக்கத்தை நான் பிடித்திருந்தேன், கனமே இல்லை. வழியில் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்துகொண்டே போனேன். இப்போதும் அதே போலத்தான் இருந்தது.

'மேற்படி பெயரில் இறப்புப் பதிவு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினேன். காப்பகத் தலைவருக்குப் பார்வை மங்கல்; நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. அம்மாவுக்கு அவன் இருந்தான் என்பதற்கு அந்த இரண்டு வரியும் ஞானஸ்நானத்தின் மூன்று வரியும்தான் சாட்சி. ஏட்டை வேறொரு ஊர் ஏடுகளுக்கு நடுவில் செருகிவிட்டேன்.

இனி என் தம்பி அங்கே உன்னோடு இருக்கிறான். நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே.

அபீலியோ


மோந்தே ருயிவோ
6 டிசம்பர் 1936
(தபாலில்)

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கும்பிடு. எல்லோரும் சுகம். எவோராவிலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்துச் சாவடித் தலைவர் திருப்திப்பட்டார், நகலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். குளிர் அதிகம். ஆலையில் வேலை நெட்டி முறிகிறது. தம்பி கூரையைப் பிரித்துப் புதிதாக ஓடு போட்டார். சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இப்போது இரண்டு தட்டு வைக்கிறேன், பழக மாட்டேன் என்கிறது.

உங்கள் தங்கை,
தியோலிந்தா


எவோரா
20 டிசம்பர் 1936
(பல்தசார் கையில்)

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் உனக்கு அமைதியோடு வரட்டும். என் வயிறு பரவாயில்லை. ரொட்டி சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன்.

ஏடு பார்த்தே பழகிய கண், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முதல் கடிதத்தில் அவனை 'அவன்' என்று எழுதினாய். பிறகு 'அவர்' ஆயிற்று. கடைசியாகத் தபாலில் வந்ததில் தம்பி ஓடு போட்டார், சுண்ணாம்பு அடித்தார் என்று எழுதியிருக்கிறாய். கூடப்பிறந்த தம்பியை, அதுவும் இளையவனை, எந்த அக்காவும் அப்படி எழுத மாட்டாள். தபாலைப் பிரிப்பவன் கண்ணில் இது படும்.

நான் எச்சரிக்கையாக மட்டும்தான் சொல்கிறேன். நீ எழுதாமல் விட்டது வேறு ஏதாவது இருந்தால் நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முத்திரையைத் திரும்பப் பிடுங்க முடியாது. அவன் இனி எந்த ஊர் போனாலும், எந்தக் கப்பல் ஏறினாலும், காகிதத்தில் உனக்கும் எனக்கும் கூடப்பிறந்தவன். ஒரே அப்பா, ஒரே அம்மா.

அண்ணன்


மோந்தே ருயிவோ
24 ஜனவரி 1937
(பல்தசார் கையில்)

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

புது வருஷம் உங்களுக்கு நல்லதைக் கொண்டுவரட்டும். ஒரு மாதமாகப் பேனாவை எடுக்கவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தவேய்ரா வந்தார். துப்பாக்கி இல்லை, ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவந்தார். ஸுல்மீராவின் மகள் இதாலினாவுக்கு இவர்தான் ஞானத் தகப்பன். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. தம்பிக்குப் பார்க்கலாமே என்றார். பயந்து பழகிய உடம்பு, அவர் பேசி முடித்தும் எனக்கு விஷயம் விளங்க நேரமாயிற்று. அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு? நல்ல உழைப்பாளி. காகிதமெல்லாம் சரியா இருக்கு. வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் இருந்தாத்தானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போகும்போது குதிரைமேல் இருந்தபடி ஆலையைத் திரும்பிப் பார்த்தார், வீட்டில் எத்தனை கட்டில் என்று கணக்குப் போடுகிறவர் மாதிரி.

அர்மிந்தோ ஆலைக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தான். சொன்னேன். உளியை நிறுத்தவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

லிஸ்பனுக்குப் போய்விடலாம், அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது என்றான். அங்கேயும் காகிதம் கேட்பார்கள் என்றேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் காணாமல் போனால் தவேய்ரா நேராக எவோராவுக்குத்தான் வருவார் என்றும் சொன்னேன். அவன் உளியைக் கீழே வைத்தான். "உங்க அண்ணன்" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை.

ஆலையில் ஆட்கள் இருக்கும்போது அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தனியாக இருக்கும்போது எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே நான் திரும்பிப் பார்ப்பேன். மூன்று மாதமாக அப்படித்தான்.

நேற்றுக் காலை ஓடைப்பக்கத்துக் கதவு திறந்திருந்தது. வழியில் ஒருவரும் இல்லை. நான் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அவன் கல்லுக்கு முன்னால் குனிந்திருந்தான், என் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா" என்றான். "ஸுல்மீரா வீட்டுக்கு ஆள் அனுப்பு."

அனுப்பிவிட்டேன். கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு. நீங்கள் இருவரும் வந்தாக வேண்டும், அண்ணா. மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தியோலிந்தா